பாலக்காட்டுக் காற்றில் 40 மடங்கு ஸ்கோப் எதற்கு?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், மீனாட்சிபுரம் பக்கம் இருக்கிறேன். உரிமத்துடன் பழைய ப்ர்னோ .22 ரைஃபிள் வைத்திருக்கிறேன். கிளப் ரேஞ்சில் 50, 100 மீட்டரில் காகித இலக்கைச் சுடுகிறேன். 200 மீட்டர் வரை போக ஆசை. கடைக்காரர் 10-40×56 ஸ்கோப்பைத்தான் வாங்கச் சொல்கிறார். நண்பரோ 6-24×50 போதும் என்கிறார். மவுண்ட் (ஸ்கோப்பைத் துப்பாக்கியில் மாட்டும் பிடி) உட்பட 60,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். எதை வாங்குவது?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. 6-24×50 வாங்குங்கள், அதாவது 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி உள்ள துப்பாக்கித் தொலைநோக்கி. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதீர்கள். 24 மடங்கு என்று எழுதிய ஸ்கோப்புகளிலேயே நல்லதும் உண்டு, ஆறு மாதத்தில் கழற்றி வைக்க வேண்டியதும் உண்டு.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று போகும் எண்ணம் இருந்தால், சர்வதேச விதிப்படி நடக்கும் 10 மீட்டர், 50 மீட்டர், 300 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் துப்பாக்கியில் தொலைநோக்கி மாட்ட அனுமதி இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கியது துளைக்குறி (சிறு துளை வழியாகப் பார்க்கும், பெரிதாக்காத குறிகாட்டி) வழியாகப் பார்த்துச் சுட்டுத்தான். அந்த வழியில் போகிறவர் இந்தப் பணத்தை நல்ல துளைக்குறிக்கும், தரையில் நிறுத்திப் பார்க்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கும் செலவிடலாம். நீங்கள் தொலைதூரக் காகித இலக்கை உங்கள் நிறைவுக்காகச் சுடுவதாகச் சொல்வதால் மேலே தொடர்கிறேன்.

24 மடங்கு எப்படிப் போதும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல பார்வை உள்ள கண் ஏறக்குறைய ஒரு ஆர்க் நிமிட (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அளவைப் பிரித்துப் பார்க்கும். 100 மீட்டரில் அது 29 மில்லிமீட்டர், 200 மீட்டரில் 58 மில்லிமீட்டர். 24 மடங்கு பெருக்கினால் 200 மீட்டரில் இரண்டரை மில்லிமீட்டர் வரை பிரித்துப் பார்க்கலாம். உங்கள் குண்டு போடும் ஓட்டை ஐந்தரை மில்லிமீட்டர். கண்ணாடி நன்றாக இருந்து, வெளியே காற்றும் தெளிவாக இருந்தால் வெள்ளைக் காகிதத்தில் ஓட்டை தெரியும். கருப்பு வட்டத்துக்குள் விழுந்தது தெரிவது கடினம்தான், ஆனால் அங்கே 40 மடங்கும் பெரிதாக உதவாது. சுட்ட இடத்தைச் சுற்றி வேறு நிறம் காட்டும் காகித இலக்குகள் கிடைக்கின்றன. அவற்றை ஒட்டிக்கொள்வது மலிவான தீர்வு.

காற்று தெளிவாக இருந்தால் என்றேனே, உங்கள் ஊரில் சிக்கலே அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலை திறந்துவிட்ட வாசலில், பாலக்காட்டுக் கணவாயில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வரும் காற்று முழுவதும் அந்த இடைவெளிக்குள் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. மழைக்காலம் ஓய்ந்தபின் தை, மாசி வரை கிழக்கிலிருந்து வறண்ட காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. அப்புறம் கோடை. வெயில் ஏறிய ரேஞ்சில், தரையிலிருந்து கிளம்பும் கானல் இலக்கை நீரில் தெரிவதுபோல் ஆட்டும். அந்த ஆட்டத்தையும் ஸ்கோப் அதே அளவு பெருக்கிக் காட்டும். 40-இல் வைத்தால் வட்டம் உருகி வழிகிறது. 15, 16-க்கு இறக்கினால் வட்டத்தின் விளிம்பு ஓரளவு நிலைக்கிறது. காலை எட்டரை, ஒன்பது மணிக்கு மேல் உங்கள் பக்கத்துக் கோடையில் 24-ஐ முழுதாகப் பயன்படுத்தும் நாட்களே குறைவாக இருக்கும். 40-க்குக் கொடுக்கும் பணம் விடியற்காலை ஒரு மணி நேரத்துக்காகக் கொடுக்கும் பணம்.

கானல் எதிரி மட்டும் அல்ல. காற்றைச் சொல்லித் தருவதும் அதுதான். பாராலாக்ஸ் திருகை (எந்தத் தூரத்தில் குவிய வேண்டும் என்று அமைக்கும் திருகு) இலக்குக்குச் சற்று முன்பாக, பாதி வழியில் குவியும்படி திருப்பிப் பாருங்கள். கானல் இடமிருந்து வலமாக ஓடினால் காற்று இடப்பக்கத்திலிருந்து வருகிறது. நேராக மேலே கொதித்தால் காற்று இல்லை, அல்லது உங்கள் முகத்துக்கோ முதுகுக்கோ நேராக அடிக்கிறது. ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்த கானல் கொதிக்க ஆரம்பித்தால் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். காற்று திசை மாறப்போகிறது என்பதற்கு அது அடையாளம். பார்த்து முடித்ததும் திருகை மறக்காமல் இலக்குக்கே கொண்டுவந்து விடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒலியை விடக் குறைந்த வேகத்தில் போகும் .22 குண்டை, மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று 100 மீட்டரில் சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளும். 200 மீட்டரில் ஓர் அடிக்கும் மேல். தூரம் இரண்டு மடங்கு, விலகல் மூன்று நான்கு மடங்கு. ஆடி மாதத்தில் உங்கள் ஊரில் 16 கிலோமீட்டர் என்பது சாதாரணக் காற்று. இந்த விலகலை எந்த உருப்பெருக்கமும் சரிசெய்யாது. காட்சிப் பரப்பு அகலமாக இருந்தால் வழியில் நட்ட துணிக்கொடிகள் கண்ணில் படும். 40-இல் 100 மீட்டரில் தெரியும் வட்டம் ஒரு மீட்டர்கூட இருக்காது, கொடி எங்கே தெரியப்போகிறது?

வெளிச்சக் கணக்கு சின்னது. முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 50-ஐ 24-ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 56-ஐ 40-ஆல் வகுத்தால் 1.4. பகல் வெளிச்சத்தில் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர் திறந்திருக்கும். 1.4-இல் படம் மங்கும், தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலும் கருப்படிக்கும். நாற்பது வயது கடந்தவர்களுக்குக் கண்ணுக்குள் மிதக்கும் தூசிகள் வேறு தெரிய ஆரம்பிக்கும்.

இனி, கடைக்காரர் சொல்லாததும் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியதுமான விஷயம்: டரட். அதாவது மேலேயும் பக்கத்திலும் உள்ள திருகுகள். தொலைதூரச் சுடுதலில் ஸ்கோப் என்பது முதலில் ஓர் அளவுக்கருவி, அப்புறம்தான் பூதக்கண்ணாடி. எம்ஓஏ என்பது மேலே சொன்ன ஆர்க் நிமிடம்தான், மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கால் எம்ஓஏ கிளிக் என்றால் 100 மீட்டரில் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர வேண்டும். 0.1 மில் என்றால் சரியாக 10 மில்லிமீட்டர். எதை எடுத்தாலும் திருகும் ரெட்டிகிளும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) ஒரே அலகில் இருக்கட்டும். ஒன்றில் எம்ஓஏ, இன்னொன்றில் மில் என்று கலந்து விற்கிறார்கள், அதைத் தொடாதீர்கள்.

50 மீட்டரில் ஜீரோ வைத்த (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி அமைத்த) உங்கள் ரைஃபிள் 200 மீட்டரில் ஒன்றரை மீட்டருக்கும் மேல் கீழே சுடும். திருகில் ஏறக்குறைய 27 எம்ஓஏ ஏற்ற வேண்டும். ஸ்கோப்பின் மொத்த நகர்வு 60 எம்ஓஏ என்று வையுங்கள். நடுவில் ஜீரோ விழுந்தால் மேலே மிச்சம் 30 தான். மவுண்ட் கொஞ்சம் பிசகினால் அதுவும் போய்விடும். அதனால் முன்பக்கம் 20 எம்ஓஏ சரிந்த ரெயில் (ஸ்கோப் பிடி உட்காரும் அடிப்பட்டை) வாங்குங்கள். மிச்சம் 50 ஆகிவிடும். உருப்பெருக்கம் கூடக் கூட இந்த மொத்த நகர்வு பொதுவாகக் குறைகிறது என்பதையும் கவனியுங்கள். பழைய ப்ர்னோவின் மேலே இருப்பது 11 மில்லிமீட்டர் டவ்டெயில் காடி. அதற்குப் பொருந்தும் சரிவு அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். இன்றைய பிக்கட்டினி வகை ரெயிலுக்கான ரிங் (ஸ்கோப் குழாயைப் பிடிக்கும் வளையம்) அதில் நேரடியாக உட்காராது.

திருகு சொன்னபடி நகர்கிறதா என்று பார்க்க ஒரு தோட்டாவும் செலவழிக்க வேண்டியதில்லை. உயரமான அட்டையில் தூக்குக்குண்டு வைத்து நேர்கோடு போடுங்கள். அடியில் ஒரு புள்ளி, அதிலிருந்து 58.2 சென்டிமீட்டர் மேலே இன்னொரு புள்ளி. டேப் வைத்து அளந்த 100 மீட்டரில் அட்டையை நிறுத்துங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு, ரைஃபிளை அசையாமல் இறுக்கி, குறுக்குக் கோட்டை ஒரு புள்ளியில் வைத்து 20 எம்ஓஏ திருகுங்கள். அடுத்த புள்ளிக்குச் சரியாகப் போக வேண்டும், திரும்பத் திருகினால் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். பயணக் கோடு பக்கமாகச் சரிந்தால் ஸ்கோப் சாய்ந்து மாட்டப்பட்டிருக்கிறது. மூன்று டிகிரி சாய்வு 200 மீட்டரில் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் பக்கவாட்டுப் பிழை. சின்னக் குமிழ் மட்டம் ஒன்றை ஸ்கோப் குழாயில் மாட்டிவிட்டால் அந்தக் கவலை ஒழிந்தது. ரிங் திருகை 2 நியூட்டன் மீட்டர் அளவில், தயாரிப்பாளர் சொன்னபடி இறுக்குங்கள். கைப்பலத்தைக் காட்டினால் குழாய் நசுங்கும்.

ரெட்டிகிள் இருக்க வேண்டியது முதல் குவியத் தளத்திலா, இரண்டாவதிலா என்று குழம்ப வேண்டாம். தெரிந்த தூரத்தில் காகிதம் சுடுபவருக்கு இரண்டாவது தளம் நல்லது, விலையும் குறைவு. உருப்பெருக்கத்தைக் கூட்டினாலும் கோடு தடிக்காது. நடுவில் கால்வாசி எம்ஓஏ-க்கு உட்பட்ட மெல்லிய புள்ளி இருந்தால் போதும்.

பாராலாக்ஸ் திருகு எந்தத் தூரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். பெரிய தோட்டா ரைஃபிளுக்காகச் செய்த பல ஸ்கோப்புகள் 50 அல்லது 100 கெஜத்தில்தான் தொடங்கும். உங்களுக்கு 25 மீட்டராவது வேண்டும், 10 கெஜம் என்றால் இன்னும் நல்லது. திருகில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். முதலில் வெறும் வானத்தைப் பார்த்து (சூரியன் பக்கம் ஒருபோதும் வேண்டாம்) கண்பக்க வளையத்தால் ரெட்டிகிளைக் கூர்மையாக்குங்கள். அதற்குப் பிறகு இலக்கைப் பார்த்து, தலையை மெல்ல மேலும் கீழும் ஆட்டும்போது குறி நகராத இடத்தில் திருகை நிறுத்துங்கள்.

கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் அழகாகத் தெரியும். வாசலுக்கு வந்து, தூரத்துக் கட்டடத்தின் பெயர்ப்பலகை எழுத்தை முழு உருப்பெருக்கத்தில் பாருங்கள். ஸ்கோப்பைத் தனியாகக் கையில் பிடித்துத்தான், துப்பாக்கியில் மாட்டிக்கொண்டு அல்ல. வெள்ளைப் பலகையின் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ தடிப்பாகக் கசிந்தால் கண்ணாடி சுமார். 18-இல் கூர்மையாக இருந்து 24-இல் பால் ஊற்றினாற்போல் ஆனால், அந்தக் கடைசி ஆறு மடங்கு பெட்டியில் அச்சிட மட்டும்தான். மலிவு விலையில் 10-40 கிடைக்கிறதென்றால் பெரும்பாலும் இதுதான் கதை. நைட்ஃபோர்ஸ், மார்ச் போன்றவர்கள் 50 மடங்கைத் தாண்டியும் நல்ல கண்ணாடி கொடுக்கிறார்கள், ஆனால் உங்கள் தொகை அங்கே எட்டாது. பெரிய பெயர்களைப் பொறித்த போலிகளும் உலவுவதால், பில்லும் வரிசை எண்ணும் இல்லாமல் வாங்காதீர்கள்.

60,000-இல் 40,000 முதல் 45,000 வரை ஸ்கோப்புக்கு, ரெயில், ரிங், குமிழ் மட்டம் எல்லாவற்றுக்கும் எட்டாயிரம் வரை. மிச்சத்தைத் தோட்டாவுக்கு வையுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ஒரே பெட்டிக்குள் தோட்டாவுக்குத் தோட்டா வேகம் நொடிக்கு 10 மீட்டர் மாறினால், 200 மீட்டரில் சுமார் 10 சென்டிமீட்டர் மேலும் கீழும் விழும். இரண்டு மூன்று வகைத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து உங்கள் குழலுக்குப் பிடித்ததைக் கண்டுபிடிப்பது, ஸ்கோப்பில் கூடுதல் 16 மடங்கை விட அதிகம் தரும்.

வாங்கியதைக் காப்பாற்றுவது உங்கள் ஊரில் தனி வேலை. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். நைட்ரஜன் அடைத்த ஸ்கோப் என்றாலும் வெளிப்பூச்சில் பிடிக்கத்தான் செய்யும், பிடித்தால் பூச்சையே அரித்துவிடும். நுரைப்பஞ்சு வைத்த பெட்டியும் தோலுறையும் ரேஞ்சுக்குக் கொண்டுபோக மட்டும். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திப் போடுங்கள். தூசியை முதலில் ஊதியோ மென்தூரிகையாலோ அகற்றிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். வேட்டி நுனி வேண்டவே வேண்டாம்.

இன்னும் ஒன்று. 200 மீட்டர் ரேஞ்ச் பக்கத்தில் இல்லையே, தென்னந்தோப்பு இருக்கிறதே என்று தோன்றலாம். கூடாது. இந்தச் சின்னக் குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும், உங்கள் பக்கம் வீடில்லாத ஒன்றரை கிலோமீட்டர் எங்கே இருக்கிறது? அனுமதி பெற்ற ரேஞ்சிலேயே சுடுங்கள். கோவை, பொள்ளாச்சிப் பக்கம் ரேஞ்சுக்குப் போவதென்றால், உங்கள் உரிமத்தில் செல்லுபடியாகும் எல்லை என்ன என்று முதலில் பாருங்கள். கேரளத்துக்கு மட்டும் என்று இருந்தால், எல்லையை விரிவாக்கி எழுதி வாங்கும்வரை ரைஃபிள் கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டக்கூடாது.