அம்மாவின் இருமலை ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்?

கேள்வி: தோட்டத்தில் நாலு வரிசை செமியோன் திராட்சை வைத்திருக்கிறேன். இந்த முறை பொட்ரைட்டிஸ் பூஞ்சை பிடித்திருக்கிறது. இனிப்பு ஒயின் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பழங்களைப் பொறுக்குவது அம்மா. (வயது எழுபது. பூஞ்சைப் பழத்தைத் தொட்ட நாளெல்லாம் சாயங்காலம் இருமல், அதனால் வேலை மெதுவாகத்தான் நடக்கிறது.) எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்துவிட்டால் ருசி கெடுமா?

பதில்: கெடும். ஒரே குலையில்கூட எல்லாப் பழத்தையும் அந்தப் பூஞ்சை ஒன்றாகப் பிடிப்பதில்லை. அது தோலில் நுண்ணிய துளை போடும், அதன் வழியே நீர் வற்றும், சர்க்கரையும் புளிப்பும் செறியும். இதற்குக் காலையில் மூடுபனியும் மத்தியானம் வெயிலும் வேண்டும். இந்த வகை இனிப்பு ஒயினுக்குப் பேர்போன பிரான்சின் சொத்தேர்னில் சிரோன் ஆற்றின் குளிர்ந்த நீர் கரோன் ஆற்றில் கலப்பதால் அந்தப் பனி கிடைக்கிறது. அங்கேயே பழம் பறிக்க ஒரு கொடிக்குப் பல தடவை ஆள் போகிறது. அங்குள்ள பேர்பெற்ற ஒயின் தோட்டமான ஷட்டோ டிக்கெமில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் ஒயின் என்பதுதான் கணக்கு. பழுப்பேறிச் சுருங்கிய பழத்தை எடுங்கள். ஈரம் கசிந்து காடி வாடை அடிப்பதைத் தூர எறியுங்கள். நொதித்தல் முழுக்க நின்றதா என்று பார்க்காமல் பாட்டிலில் அடைத்தால், மிச்சச் சர்க்கரை மறுபடி நொதித்துப் பாட்டில் வெடிக்கும்.

சரி, கேட்டதற்குச் சொல்லியாயிற்று. இனி நீங்கள் கேட்காதது.

பூஞ்சையைத் தொட்ட நாளில்தான் இருமல் என்று கண்டுபிடித்தது வேறு யாருமில்லை, நீங்கள். கண்டுபிடித்த பிறகும் மறுநாள் கூடையை அம்மா கையில்தானே கொடுத்தீர்கள்? அந்த இருமலில் உங்களுக்குத் தெரிந்த ஒரே கஷ்டம், வேலை தாமதமாகிறது என்பது! இந்தப் பூஞ்சைத் தூள் மூச்சில் போய் நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி உண்டாக்கும். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருவதாக மருத்துவத்தில் பதிவாகியிருக்கிற நோய் அது. தொட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் இருமலும் மூச்சுத் திணறலும் தலைகாட்டும். உங்கள் அம்மாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, அதை டாக்டர் சொல்லட்டும். பூஞ்சையின் பெயரை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஆசை மகனுக்கு, குனிந்து நிமிர்வது தாய்க்கு. 'அம்மாவே விரும்பித்தான் செய்கிறாள்' என்று எழுதுவீர்கள். பிள்ளை ஆசைப்பட்டால் எந்த அம்மா முடியாது என்பாள்? வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான். பெற்றவளை ஆளாக வைத்து ஆசையைத் தீர்த்துக்கொள்வதை நான் பாசம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முகமூடி போட்டுக்கொண்டு நீங்களே இறங்குங்கள். முடியவில்லையா, பழம் கொடியிலேயே கிடக்கட்டும். 2012-ல் பழம் சரியில்லை என்று டிக்கெமே அந்த வருஷ ஒயினை வெளியிடவில்லை. உங்கள் நாலு வரிசைக்கு என்ன வந்துவிடப்போகிறது?

முதல் கிளாஸ் அம்மாவுக்குத்தான் என்று பதில் எழுதாதீர்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.