அப்பாவின் சாரத்துக்கு எலாஸ்டிக் போடலாமா?

மறதிநோய் வந்த பெற்றோருக்கு உடை உடுத்துவது பற்றிக் தமிழக-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையின் இரு பக்கத்துக் குடும்பங்களும் கேட்ட கேள்விகள் இவை. முதியோர் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் பதில் சொல்கிறார்.

பாறசாலையிலிருந்து ஒரு மகன்: அப்பா வெளியே வேட்டியும் வீட்டில் சாரம் என்கிற கைலியுமாக வாழ்ந்தவர். இப்போது கட்டத் தெரியவில்லை. அவிழ்ந்து காலில் சிக்குகிறது. பைஜாமா வாங்கிக் கொடுத்தேன். “இது யாருடையது?” என்று கழற்றி எறிகிறார், சிஸ்டர்.

எறியாமல் என்ன செய்வார்? காலை எழுந்ததும் முன்பின் தெரியாத ஒருவரின் துணி தன் உடம்பில் இருந்தால் நீங்களும் எறிவீர்கள். நேற்று நடந்ததை மறந்தவருக்கும் இளமையில் பழகிய உடுப்பு நினைவில் இருக்கும். அதனால் உடுப்பு அதுவே இருக்கட்டும். கட்டும் வேலையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

மூட்டிய சாரத்தைத் தையல்காரரிடம் கொடுங்கள். சுற்றளவு முழுவதையும் எலாஸ்டிக்கில் சுருக்கச் சொல்லாதீர்கள். பாவாடை போலப் புடைக்கும், அதையும் எறிவார். முன்பக்கம், அவர் வழக்கமாகச் செருகும் இடத்தில், மடிப்பை எடுத்து இடுப்போடு தைத்துவிட வேண்டும். பின்பக்கம் மட்டும் அகலமான, மென்மையான எலாஸ்டிக். அது இடுப்பெலும்பைத் தாண்டி எளிதாக ஏறுகிறதா என்று பாருங்கள். கரை கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்கட்டும். பார்வைக்குக் கட்டிய சாரம், உடுத்துவதற்குக் கால்சட்டை. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போக, இடுப்பில் வெல்க்ரோ வைத்த வேட்டி கடைகளிலேயே கிடைக்கிறது.

இன்னொன்று, சட்டைப்பையை எடுத்துவிடாதீர்கள். பல ஆண்களுக்குப் பையில் நான்கு காகிதம் இல்லாவிட்டால் உடுத்தியது போலவே இராது.

அருமனையிலிருந்து ஒரு மருமகள்: அத்தை இடுப்பில் முண்டும் மேலே ரவிக்கை போன்ற ஜம்பரும்தான் உடுத்துவார். பக்கவாதத்துக்குப் பிறகு இடக்கை தூக்க முடியவில்லை. கையை நுழைக்கும்போது அழுகிறார்.

தோள்வலி இருக்கிறதா என்று முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வாதம் வந்த கையில் தோள்வலி சாதாரணம். அதைச் சொல்ல அவருக்கு வார்த்தை வராமல் இருக்கலாம். அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

உடுத்தும்போது முடியாத கை முதலில் நுழைய வேண்டும். கழற்றும்போது அது கடைசியில் வர வேண்டும். உங்கள் கையை ஜம்பர் கையின் முனை வழியே உள்ளே விட்டு, அவர் விரல்களை மொத்தமாகப் பற்றிக்கொண்டு, துணியை அவர் தோள்வரை ஏற்றுங்கள். அவர் கை நகர வேண்டாம், துணி நகரட்டும்.

ஜம்பரின் அக்குளைப் பிரித்துத் துண்டு வைத்து அகலப்படுத்துங்கள். முன்பக்கம் முழுவதும் திறக்க வேண்டும். காஜாவைத் தைத்து மூடி, அதன் மேலேயே பட்டனை அழகுக்கு வைத்து, பட்டிக்கு அடியில் சிறுசிறு வெல்க்ரோத் துண்டுகள் வைத்தால் பழைய ஜம்பர் போலவே இருக்கும். துவைக்கும்போது வெல்க்ரோவை ஒட்டிப் போடுங்கள், இல்லையேல் நூலும் முடியும் சேர்ந்து பிடிப்பே போய்விடும். அதைப் பிரிக்கும் ‘சர்ர்’ சத்தத்துக்குச் சிலர் பதறுவார்கள். அவர்களுக்குப் பிரஸ் பட்டன். ஊக்கு வேண்டவே வேண்டாம்.

முண்டுக்கு மேல் போடும் பாலராமபுரத்து நேரியது அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அதன் கசவுச் சரிகை கழுத்தில் உரசினால் முதிய தோல் சிவந்து புண்ணாகும். விசேஷ நாளிலும் ஒரு மணி நேரம் போதும்.

கொல்லங்கோட்டிலிருந்து: விருந்தினர் முன்னிலையில் அம்மா சேலையை அவிழ்க்கிறார். வெட்கமாக இருக்கிறது.

வெட்கத்தை ஓரமாக வையுங்கள் மக்களே, இதற்கு அநேகமாக ஒரு காரணம் இருக்கும். புழுக்கமா? துணி நனைந்திருக்கிறதா? கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதையே அப்படிச் சொல்கிறாரா? பாவாடை நாடா இறுக்குகிறதா? இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நாடா கட்டியவர்களுக்குத் தோல் கறுத்துத் தடித்து அரிக்கும். நாடாவை எடுத்துவிட்டு அகலப் பட்டியோ தளர்ந்த எலாஸ்டிக்கோ வையுங்கள். புதுத்துணி என்றால் இரண்டு முறை அலசிக் கஞ்சியைப் போக்கி, கழுத்துப் பட்டியில் உள்ள லேபிளை வெட்டிவிடுங்கள்.

நேற்றுவரை இல்லாத பழக்கம் இன்று திடீரென்று வந்து, குழப்பமும் சட்டென்று கூடியிருந்தால் அது உடுப்புப் பிரச்சினை அல்ல. சிறுநீர்த் தொற்று போன்ற ஏதாவது இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பளுகலிலிருந்து: அப்பா ஒரே நீலச் சட்டையைத்தான் போடுவேன் என்கிறார். துவைக்கவும் விடுவதில்லை.

அதே நீலத்தில் இன்னும் இரண்டு வாங்குங்கள். அவர் குளிக்கும்போது மாற்றி வையுங்கள். வாதாட வேண்டாம்.

மேல்புறத்திலிருந்து: உடை மாற்ற அறைக்குள் அழைத்தாலே அம்மா மிரள்கிறார். “உள்ளே ஒருத்தி நிற்கிறாள்” என்கிறார்.

அலமாரிக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடிவிட்டுப் பாருங்கள். தன் முகத்தையே வேற்று ஆளாக நினைப்பது இந்த நோயில் உண்டு. வேறொருத்தி முன்னால் யார் உடை மாற்றுவார்கள்?

சன்னலைச் சாத்தி விளக்கைப் போடுங்கள். முதலில் அணிவது மேலே இருக்கும்படி வரிசையாகக் கட்டிலில் அடுக்கி வையுங்கள். வெள்ளை விரிப்பின் மேல் வெள்ளை முண்டு வைத்தால் அவர் கண்ணுக்கே தெரியாது, வண்ண விரிப்பு போடுங்கள். “எது வேண்டும்?” என்று அலமாரியைத் திறந்து காட்டாதீர்கள். இரண்டைக் கையில் பிடித்து “இதுவா, அதுவா?” என்று கேட்டால் போதும். தானே செய்ய முடிந்ததை, நேரமானாலும் அவரே செய்யட்டும். அந்திப்பொழுதில் பலருக்குப் பதற்றம் கூடும் என்பதால், இரவு உடையை வெளிச்சம் இருக்கும்போதே மாற்றிவிடலாம்.

களியக்காவிளையிலிருந்து: அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விடுகிறார்.

நம் ஊரில் இது இரட்டை ஆபத்து. இந்தப் பக்கம் ஏறினால் மார்த்தாண்டம், அந்தப் பக்கம் ஏறினால் நெய்யாற்றின்கரை. அவர் பெயரையும் இரண்டு தொலைபேசி எண்களையும் தமிழிலும் மலையாளத்திலும் துணிப்பட்டையில் எழுதி, எல்லாச் சட்டைகளிலும் கழுத்தின் உட்புறம் தையுங்கள். மெல்லிய பட்டையாக இருக்கட்டும், உறுத்தினால் பிய்த்துவிடுவார். வீட்டு முகவரியை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். காணாமல் போனால் உடனே 112. முதியோர் உதவிக்கென்று 14567 என்ற தேசிய எண்ணும் இருக்கிறது.

குலசேகரத்திலிருந்து: மழைக்காலத்தில் துணி காய்வதில்லை. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு நாலு முறை மாற்ற வேண்டியிருக்கிறது.

நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, என்ன செய்வது. தடித்த பருத்திக்குப் பதில் மெல்லிய பருத்தி நைட்டிகளை, முன்பக்கம் திறப்பதாக, கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஈர வாடையுள்ள துணியை மட்டும் போடாதீர்கள், மடிப்புகளில் பூஞ்சை பிடிக்கும். குளிர்ந்தால் கனமான ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லிய துணிகள் மேல்.

அலமாரியில் பாச்சை உருண்டை (நாப்தலின்) இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். குழம்பிய மனத்துக்கு அது மிட்டாயாகத் தெரியும், தின்றால் நஞ்சு.

மீண்டும் அருமனை: அத்தைக்கு என்ன செருப்பு வாங்கலாம்?

விரலிடுக்கில் வார் உள்ள ரப்பர் செருப்பு வேண்டாம். குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் வெல்க்ரோ வாரும், வழுக்காத அடியும் உள்ளதாகப் பாருங்கள். கால் வீங்குகிறதென்றால் மாலையில் அளவெடுத்து வாங்குங்கள்.