செயல்முறை மேம்பாடு, அதாவது வேலை நடக்கும் முறையைச் சீர்படுத்துவது, உண்மையிலேயே பலன் தருகிறதா? ஆய்வில் எப்படி உறுதி செய்கிறார்கள்?

நன்றாக நடக்கும் ஆலைகளை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. திறமையான முதலாளி எந்த முறையிலும் லாபம் பார்த்துவிடுவார். அதனால்தான் பொருளாதார ஆய்வாளர் நிக் புளூம் குழு மும்பை அருகே இருந்த நெசவாலைகளில் நடத்திய சோதனையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆலைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரு மாத ஆய்வு மட்டும். மற்றதற்கு மேலும் நான்கு மாதம் ஆலோசனை. துணியில் வரும் குறைகளைத் தினமும் பதிவது, தறிகளைப் பராமரிப்பது, நூல் இருப்பை ஒழுங்குபடுத்துவது என எல்லாமே எளிய வேலைகள். ஆலோசனை பெற்ற ஆலைகளில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. முடிவுகள் 2013இல் வெளியாயின. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது ஏறக்குறைய பாதி நடைமுறைகள் கைவிடப்பட்டிருந்தன. மேலாளர்கள் மாறியது அதற்கு ஒரு காரணம். ஆனாலும் மற்ற ஆலைகளைவிட இவை முன்னணியில்தான் இருந்தன.