நட்சத்திர விளக்கை யார் மாட்டுவது?

கேள்வி: அக்கா, நான் திருச்சிக்காரன். துபாய் கராமாவில் குடும்பத்தோடு இருக்கிறேன். மனைவி பிலிப்பைன்ஸில் செபு தீவைச் சேர்ந்தவர், நர்ஸ். நான் இந்து, அவர் கத்தோலிக்கர். இதுவரை அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. டிசம்பரில் ஒன்பது நாள் பூசை, ஜனவரியில் குழந்தை இயேசு திருவிழா என்று டியூட்டி முடிந்ததும் ஓடுவார். நான் ஆலய வாசலில் இறக்கிவிட்டுக் காரிலேயே காத்திருப்பேன். போன வருஷம் நவம்பர் கடைசியில் மாமியார் இறந்துவிட்டார். லீவு கிடைக்காததால் அடக்கத்தை மொபைலில்தான் பார்த்தோம். அந்த டிசம்பரில் ஜன்னலில் நட்சத்திர விளக்குகூட மாட்டவில்லை, பூசைக்கும் போகவில்லை. இந்த வருஷம் ஊருக்கு அனுப்புகிற பெட்டியையும் அனுப்பவில்லை. கேட்டால் "யாருக்கு?" என்கிறார். ஒன்பது வயது மகளுக்கோ எல்லாமே போர். "விடு, பிள்ளை நம்ம வழக்கத்துக்கு வரட்டும்" என்கிறார் என் அம்மா. எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் நானே எல்லாம் ஏற்பாடு செய்து டிசம்பரில் ஒரு சர்ப்ரைஸ் கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், துபாய்

பதில்: சர்ப்ரைஸ் வேண்டாம் தம்பி. காரணம் சொல்கிறேன்.

உங்கள் மாமியார் இறந்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கர்களிடம் இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. இறந்ததும் ஒன்பது நாள் ஜெபம். நாற்பதாம் நாள் ஒரு ஜெபம். அப்புறம் ஒரு வருஷம் துக்கம். சிலர் அந்த வருஷம் முழுக்கக் கறுப்பு உடுத்துவார்கள், சிலர் சட்டையில் சின்னதாக ஒரு கறுப்புப் பின்னைக் குத்திக்கொள்வார்கள். கொண்டாட்டங்களைத் தவிர்ப்பார்கள். முதலாம் ஆண்டு நினைவு நாளில் பூசை வைத்து, கல்லறைக்குப் போய் வந்து, உறவுக்காரர்களோடு சாப்பிட்டுவிட்டுக் கறுப்பை மடித்து வைப்பார்கள். பாபாங் லுக்சா என்பார்கள் அதை. துக்கத்தை இறக்கி வைக்கிற நாள். வீட்டில் பெரியவர் போனால் அந்த வருஷம் தீபாவளி இல்லை என்பதை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை அல்லவா? அவருக்கும் அப்படித்தான் இருக்கலாம். எல்லாக் குடும்பமும் இதை ஒரே கண்டிப்போடு செய்வதில்லை, அதனால் நானாக முடிவுகட்ட மாட்டேன். ஆனால் நீங்கள் அவரிடம் இதைக் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. விளக்கு மாட்டாததை "விட்டுவிட்டார்" என்று எடுத்துக்கொண்டீர்கள். தன் ஊர் வழக்கத்தைத்தான் அவர் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ, அதுவும் தன்னந்தனியாக.

ஆகவே டிசம்பரை விடுங்கள். முதல் வேலை நவம்பரில் இருக்கிறது. 1, 2 தேதிகளில் பிலிப்பைன்ஸே கல்லறைத் தோட்டங்களில்தான் இருக்கும். மெழுகுவர்த்தி, பூ, சாப்பாடு, பாய் எல்லாம் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போய் இறந்தவர்களோடு உட்கார்ந்திருப்பார்கள். சில குடும்பங்கள் இரவும் அங்கேயே தங்கும். உங்கள் மாமியாருக்கு இது முதல் கல்லறை நாள். செபு உங்களைவிட நான்கு மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே மாலையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது துபாயில் மதியம். அந்த நேரத்துக்கு அவருக்கு டியூட்டி இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், மகளையும் உட்கார வைத்து வீடியோ அழைப்பு போடுங்கள். போன வருஷம் அடக்கத்தைப் பார்த்த அதே மொபைல்தான். ஆனால் அன்று அவர் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தார். இந்த முறை உங்கள் வீட்டிலும் ஒரு மெழுகுவர்த்தி எரியட்டும், அவர் அம்மாவுக்குப் பிடித்த சாப்பாடு ஒன்று மேசையில் இருக்கட்டும். அடுத்து மாதக் கடைசியில் நினைவு நாள். ஊத் மேத்தா புனித மரியன்னை ஆலய அலுவலகத்தில் மாமியார் பெயருக்கு ஒரு பூசைக் கருத்து, அதாவது இன்னாருக்காக இந்தப் பூசை என்பதை, கேட்டு எழுதி வையுங்கள். இதை மனைவியோடு சேர்ந்து போய்ச் செய்யுங்கள். பூசை முடிந்ததும் அவருடைய தோழிகளை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

இனி அந்தப் பெட்டி. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரியில்தான் எனக்கு மனசு நின்றது. பாலிக்பாயன் பெட்டி என்பது வெறும் பார்சல் இல்லை. கிறிஸ்துமஸுக்குள் கப்பலில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக மாதங்களுக்கு முன்பே ஆரம்பித்துவிடுவார்கள். சோப்பு, சாக்லேட், டின் மாமிசம், காலணி, துண்டு என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, யாருக்கு எது என்று பெயர் எழுதி வைப்பார்கள். அங்கே அதைப் பிரித்துப் பங்கு போட்டுக் கொடுப்பவர் பெரும்பாலும் அம்மாதான். 1974-ல் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத்தோடு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை அந்த நாட்டு அரசே கையில் எடுத்தது. இன்று சுமார் ஒரு கோடிப் பிலிப்பினோக்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பண்டிகையில் பாதி அங்கே நடக்கிறது, பாதி இங்கே நடக்கிறது. இரண்டையும் கட்டி வைத்திருந்த ஆள் உங்கள் மனைவிக்குப் போய்விட்டார். "யாருக்கு?" என்று அவர் கேட்டது நிஜமான கேள்வி. நீங்கள் பதில் சொல்ல முயலுங்கள். அக்காவுக்கா, அத்தைக்கா, ஞானஸ்நானத் தாயாருக்கா? இனி அந்தப் பெட்டியை அங்கே பிரித்துக் கொடுக்கப்போவது யார்? இந்த வருஷம் கப்பல் தாமதமாகி ஜனவரியில் போய்ச் சேர்ந்தாலும் குடி முழுகிவிடாது.

துக்கம் இறங்கியபின் டிசம்பர் 16 வரும். 24 வரை ஒன்பது பூசை. மணிலாப் பக்கம் சிம்பாங் காபி என்பார்கள், உங்கள் மனைவியின் ஊரில் மிசா தெ கால்யோ என்றால்தான் சட்டென்று புரியும். வயலுக்குப் போகிறவர்களுக்கு வசதியாக விடிவதற்கு முன்பே வைத்தது அந்தப் பூசை. வளைகுடாவில் பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது, காலையில் எல்லோருக்கும் வேலை. "விடியற்காலையில் இல்லாவிட்டால் அது என்ன பூசை" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மணிலாவிலேயே இப்போது முந்தைய நாள் இரவுப் பூசைக்குக் கூட்டம் நெரிகிறது, ஷாப்பிங் மாலில்கூட நடக்கிறது. 2019 டிசம்பர் 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் புனித பேதுரு பேராலயத்தில் பிலிப்பினோக்களோடு சிம்பாங் காபி பூசை வைத்தபோதும் சூரியன் மறைகிற நேரம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது அந்த ஒன்பது இரவுகளையும் காலியாக்கிக் கொடுப்பது. ஒன்பதும் தவறாமல் போனால் வேண்டியது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நர்ஸ்களுக்கு அந்த ஒன்பதும் கிடைப்பதே பெரிய வேண்டுதல். டிசம்பர் டியூட்டி அட்டவணை எப்போது போடுகிறார்கள் என்று கேட்டு, அதற்கு முன்பே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஈத் நாளில் தான் வேலை பார்ப்பதாக ஒரு தோழியிடம் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். உங்கள் லீவையும் அந்த வாரத்தில் எடுங்கள். தயவுசெய்து காரை நிறுத்திவிட்டு உள்ளே போங்கள். அந்த ஆலயம் உங்களுக்கு அவ்வளவு அந்நியம் இல்லை, அன்றைய துபாய் ஆட்சியாளர் ஷேக் ரஷீத் கொடுத்த நிலத்தில் 1967-ல் எழுந்தது, இன்றும் அங்கே பிலிப்பைன்ஸின் தகலோக் மொழிப் பூசையும் தமிழ்ப் பூசையும் நடக்கின்றன. நன்மை வாங்குவது, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பத்தை வாங்குவது, கத்தோலிக்கர்களுக்கு மட்டும். அந்த நேரத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் போதும். மற்றபடி எல்லோரும் எழுந்தால் எழுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். பூசை முடிந்ததும் காரை நோக்கி ஓடாதீர்கள். அதற்குப் பிறகு நிற்கிற அந்த அரை மணி நேரத்தில்தான் பாதித் திருவிழா இருக்கிறது.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் இந்த வழக்கங்கள் நிற்பது கூட்டத்தால்தான். ஹாங்காங்கில் வீட்டுவேலை பார்க்கிற பிலிப்பினாக்கள் முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது சட்டம். சொந்தமாக ஒரு ஜன்னல்கூடக் கிடையாது நட்சத்திரம் மாட்ட. ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் பகுதியில் நடைபாதையில் அட்டை விரித்து உட்கார்ந்து, பாடி, ஆடி, சாப்பிட்டு, கார்டன் சாலை புனித சூசையப்பர் ஆலயத்துக்குப் போய் வருகிறார்கள். சவூதியில் தேவாலயமே இல்லை, வீட்டுக்குள் பத்துப் பேர் கூடி ஜெபம் செய்கிறார்கள். நீங்கள் தனியாக ஃப்ளாட்டை அலங்கரித்து வைத்து, அவர் கதவைத் திறந்ததும் விளக்கைப் போட்டால் படம் நன்றாக வரும். அவருக்கோ அம்மா இல்லாத வீட்டில் இன்னொரு வேலையாகத்தான் தெரியும், சந்தோஷப்பட்டுக் காட்ட வேண்டிய வேலை.

உங்கள் மகள் விஷயம் எனக்குச் சுலபமாகப் படுகிறது. ஒன்பது வயதில் ஒன்றரை மணி நேரம் தகலோக்கில் பூசை கேட்டால் எனக்கும் போர் அடிக்கும். அவள் அம்மாவுக்கே தகலோக் தாய்மொழி இல்லை, செபுவானோக்காரர். வெளிநாடு வந்தபிறகு செபுக்காரரும் இலொகோஸ்காரரும் பம்பங்காக்காரரும் ஒரே பூசையில் நிற்கப் பழகிக்கொள்கிறார்கள், அவர்களுக்கும் இது புதுப் பழக்கம்தான். மகளுக்குப் பண்பாட்டு வகுப்பு எடுக்காதீர்கள். கையில் வேலை கொடுங்கள். பரோல் என்கிற அந்த நட்சத்திரத்தைச் செய்ய பத்து மூங்கில் குச்சி போதும். ஐந்து ஐந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரம், நடுவில் சின்னக் குச்சிகளைக் கொடுத்து உப்ப வைத்து, மேலே வண்ணக் காகிதம், கீழ் முனைகள் இரண்டிலும் குஞ்சம். சத்வாவில் பிளாஸ்டிக்கில் ரெடிமேடாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். சோடா மூடிகளைத் தட்டையாக்கிக் கம்பியில் கோத்தால் ஜால்ரா ரெடி. அங்கே பிள்ளைகள் அதை ஆட்டிக்கொண்டு வீடு வீடாகப் பாடிக் காசு வாங்குவார்கள். துபாயில் தெருவில் பாடிக்கொண்டு போக முடியாது, தெரிந்தவர்களின் ஃப்ளாட்டுகளுக்குப் போகலாம். காசு வரும் என்று சொல்லிப் பாருங்கள், போர் எங்கே போகிறது என்று தெரியும்.

உங்கள் அம்மாவிடம் பெரிதாக வாதாட வேண்டாம். "நம்ம வழக்கத்துக்கு வரட்டும்" என்றால், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரட்டும், யார் தடுத்தது? மற்றது அந்தக் குழந்தைக்கு அம்மா வழியில் வந்தது. அடுத்த முறை அவர் துபாய் வரும்போது வீட்டில் இருக்கிற சாந்தோ நீனோவைக் காட்டுங்கள். 1521-ல் மெகல்லன் செபு அரசிக்குக் கொடுத்த குழந்தை இயேசு உருவம்தான் மூலம், இன்றும் செபுவின் சாந்தோ நீனோ பேராலயத்தில் இருக்கிறது. வீடுகளில் இருக்கும் சிறு உருவங்களுக்கு விதவிதமாக உடை தைத்துப் போடுவார்கள். ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்து ஊர்க்காரருக்கு அலங்காரம் என்றால் என்ன என்று மருமகள் விளக்க வேண்டியிராது. உங்கள் அம்மா கையால் ஒரு ஜரிகைத் துணி கிடைத்தாலும் கிடைக்கலாம்.

சமையல் மட்டும் நீங்களே செய்யலாம் என்பேன், அதுவும் அவரிடம் சொல்லிவிட்டு. பூசை முடிந்து வாசலில் விற்கும் புத்தோ பும்போங் நம் குழாய்ப்புட்டின் ஊதா நிறத் தம்பி. மூங்கில் குழாயில் அவிப்பது. அந்த ஊதா அரிசி துபாயில் கிடைக்காவிட்டால் செட்டிநாட்டுக் கவுனி அரிசி இருக்கிறது. கவுனியோடு கொஞ்சம் பசையரிசி சேர்த்து இரவு ஊற வைத்து, அரைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்து, உதிர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் புட்டுக்குழாயில் அழுத்தாமல் நிரப்பி அவியுங்கள். மேலே வெண்ணெய், தேங்காய்த் துருவல், நாட்டுச் சர்க்கரை. முதல் முறை ஒட்டிக்கொண்டு வெளியே வர அடம்பிடிக்கும், குழாயின் உள்ளே வெண்ணெய் தடவுங்கள். கூடக் குடிக்க இஞ்சி டீ. தேங்காய் இரண்டு மூடியாவது துருவிக்கொள்ளுங்கள், பிலிப்பினோ நண்பர்கள் தனியாக வரமாட்டார்கள்.

நினைவு நாளுக்குப் பிறகும் அவர் "இந்த டிசம்பரும் வேண்டாம்" என்றால் வற்புறுத்தாதீர்கள். ஜனவரி மூன்றாம் ஞாயிறு சினுலோக், அந்தக் குழந்தை இயேசு திருவிழா, வருகிறது. செபுக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸைவிட அது ஒரு படி மேலே. அந்தப் பெரிய தெரு ஊர்வலம் 1980-ல்தான் தொடங்கியது. ஆனால் பேராலயத்தில் மெழுகுவர்த்தி விற்கும் பெண்கள் ஆடுகிற ஆட்டம் பழையது. யாருக்காக வேண்ட வேண்டும் என்று பெயரைச் சொல்லி மெழுகுவர்த்திக்குக் காசு கொடுத்தால், அந்தப் பெயரைச் சொல்லி முன்னும் பின்னும் அடியெடுத்து வைத்து ஆடி வேண்டிக்கொள்வார்கள். ஆள் நேரில் நிற்க வேண்டும் என்றில்லை. செபுவில் இருக்கிற அவர் உறவினரிடம் சொல்லி அவருடைய அம்மா பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்கச் சொல்லலாமா என்று மனைவியிடம் ஒரே ஒரு முறை கேளுங்கள். பதில் எதுவானாலும் சரி என்று சொல்லுங்கள்.