ஜெனரேட்டரில் இருந்த சின்ன டீசல் எஞ்சினை ஜீப்பில் மாட்டியிருக்கிறேன். 1500 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவில்லை. அதிகபட்ச வேகத்தை நிர்ணயிக்கும் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பலாம்?

இப்போதைக்குத் திருப்பாதீர்கள். அந்த எஞ்சினில் ஆக்சிலரேட்டர் லீவர் நேராக டீசலைக் கூட்டுவதில்லை. கவர்னரின் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) ஸ்பிரிங்கை இழுத்து, எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. டீசல் அளவைக் கவர்னர் பார்த்துக்கொள்ளும். மேடு வந்தால் மிதிக்காமலே கூட்டும். பெட்ரோல் வண்டி ஓட்டியவர்களுக்கு இது பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

ஜெனரேட்டரில் மின்சாரம் தயாரிக்கும் நான்கு போல் (காந்த முனை) ஆல்டர்னேட்டரில் 50 ஹெர்ட்ஸ் வர 1500 தேவை. அதற்காகத்தான் அங்கே பூட்டியிருக்கிறார்கள், எஞ்சினுக்கு அதற்குமேல் முடியாது என்பதால் அல்ல. குபோட்டா டி1105 ஜெனரேட்டரில் 1500. வேறு இயந்திரங்களில் அதே எஞ்சின் 3000 வரை ஓடுகிறது. டிஃபரன்ஷியல் விகிதம் 4.1, டயர் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால், 1:1 டாப் கியரில் 1500க்கு 46 கிலோமீட்டர்தான் வரும். உங்களுக்கு எரிச்சல் வருவது நியாயம்தான்.

ஆனால் ஜெனரேட்டர் கவர்னர், வேகம் அசையாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்டது. ஸ்க்ரூவை மட்டும் ஏற்றினால் மிதியை லேசாகத் தொட்டாலே வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். அதே எஞ்சினின் மாறு வேக மாடலுக்கு உரிய ஸ்பிரிங்கும் லீவரும் போட வேண்டும். டீசல் பம்ப் வேலை தெரிந்த கடையில் கொடுத்துவிடுவது நல்லது.

வேகத்தைக் காதால் கணிக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக் இல்லாததால் ஒயரில் மாட்டும் டாக்கோமீட்டர் உதவாது. கிராங்க் புல்லியில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, ஒளியால் அளக்கும் கருவியைப் பிடியுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானபின், நியூட்ரலில், உங்கள் மாடலின் மேனுவலில் உள்ள நோ லோடு (சுமை இல்லாத) வேக எண்ணுக்கு வைத்து லாக் நட்டை இறுக்குங்கள். அந்த எண் முழு லோடு வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். 3000க்கு ஏறக்குறைய 3200. லோடு ஏறியதும் அது தானாக இறங்கிவிடும். நோ லோடிலேயே சரியாக 3000 வைத்தால், மேட்டில் உங்களுக்கு 3000 கிடைக்காது.

சீல் வைத்திருக்கும் ஃபுல் ஃபியூயல் ஸ்க்ரூ (அதிகபட்ச டீசல் அளவை நிர்ணயிப்பது) வேறு. அதைத் தொட்டால் கரும்புகையும் சூடும்தான் மிச்சம்.

மிதிக்குக் கீழே தரையில் தனியாக ஒரு ஸ்டாப்பர் வையுங்கள். இல்லாவிட்டால் காலின் பலமெல்லாம் கவர்னர் லீவர் மேல் போய் விழும். வேகத்தை ஏற்றும்போது, ஏர் இன்டேக்கை அடைக்க ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். வேகம் கட்டுக்கடங்காமல் போனால் சாவியை அணைத்து மட்டும் நிறுத்த முடியாமல் போகலாம்.