விமானப் பங்குகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்து, பங்கு விலை சரிந்தபோது வாங்கத் தவறிவிட்டேன். தங்கையின் திருமணத்திற்காகச் சேர்த்த மூன்று லட்சம் ரூபாய் வங்கியில் சும்மா கிடக்கிறது. விமானத்தில் செல்வோர் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள். பாதியை இண்டிகோவிலும், மலிவாகக் கிடைக்கும் ஸ்பைஸ்ஜெட்டில் மீதியையும் போடலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பிக்கு,

தங்கையின் திருமணப் பணம் என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நாள் நெருங்கும் செலவுக்கான பணத்தைப் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. பயணிகள் பெருகுவதால் லாபமும் பெருகும் என்று எண்ணாதீர்கள். டிக்கெட்டை ரூபாயில் விற்றுவிட்டு விமானக் குத்தகையை டாலரில் கட்டுகிற தொழில் இது. எரிபொருளோ ஜிஎஸ்டிக்குள் வராமல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு வாட் வரியைச் சுமக்கிறது.

நான் பதில் எழுத உட்கார்ந்தது ‘மலிவாக’ என்ற உங்கள் ஒரு சொல்லுக்காக. அது என் மாமாவின் சொல்.

அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற அவர், அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று, மதுரையில் இறங்கும் விமானங்களை மாலைதோறும் பார்ப்பார். ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை. ஓய்வூதியப் பலனில் ஒரு பகுதியை ஒரு விமான நிறுவனத்தின் பங்குகளில் போட்டார். அதன் பெயர் இங்கே வேண்டாம். விலை நாற்பதுக்கு இறங்கியதும் இன்னும் வாங்கினார், இருபதுக்கு வந்ததும் மறுபடி வாங்கினார். “இதுக்கு மேல எங்கடா இறங்கப்போகுது?” என்று கேட்டபடி, கோடு போட்ட நோட்டில் தேதியையும் விலையையும் நீல மையால் எழுதி, ஒவ்வொரு முறையும் சராசரியைக் கணக்கிட்டு அடிக்கோடிடுவார். சராசரி குறையக் குறைய அவருக்கு நிம்மதி கூடியது. இருபது ரூபாய்க்கு வாங்கிய பங்கு பூஜ்யத்துக்குப் போனால் இழப்பது போட்ட பணம் முழுவதையும் என்பதை அவரிடம் அன்று எடுத்துச் சொல்ல எனக்கே தெரிந்திருக்கவில்லை.

பங்கின் விலை முப்பது ரூபாயாக இருப்பதால் அது மலிவாகிவிடாது. அந்த நிறுவனம் விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்களுக்கும் வங்கிகளுக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் எவ்வளவு தரவேண்டும், அதையெல்லாம் தந்த பிறகு ஏதாவது மிஞ்சுமா என்றுதான் பார்க்கவேண்டும். ஜெட் ஏர்வேஸ் 2005-இல் ஒரு பங்கு 1,100 ரூபாய்க்குச் சந்தைக்கு வந்தது. 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி அதன் கடைசி விமானம் பறந்தது. அதன் பிறகும் அந்தப் பங்கைப் புதிதாக வாங்கியவர்கள் இருந்தார்கள். மீட்புத் திட்டம் வந்துவிட்டது, மறுபடி பறக்கும் என்று நம்பினார்கள். 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்க உத்தரவிட்டது. நம் திவால் சட்டத்தின்படி, அப்படி வரும் பணத்தில் கலைப்புச் செலவு முதலில்; பிறகு தொழிலாளர் பாக்கியும் பிணையுள்ள கடனும்; அதற்குப் பின் மற்ற ஊழியர்கள், பிணையில்லாக் கடன் தந்தவர்கள், அரசு. சாதாரணப் பங்குதாரர் வரிசையின் கடைசி ஆள். கடனில் மூழ்கிய நிறுவனத்தில் அந்தக் கடைசி ஆளின் கைக்குப் பெரும்பாலும் எதுவும் வந்து சேர்வதில்லை.

இண்டிகோவின் கதை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2015-இல் 765 ரூபாய்க்கு வாங்கிப் பொறுமையாக வைத்திருந்தவர்கள் பலமடங்கு பார்த்தார்கள். 2005-இலேயே ஒரே ரகத்தில் நூறு ஏர்பஸ் விமானங்களை மொத்தமாகக் கேட்டு விலையைக் குறைத்த அந்த நிறுவனம், செலவை இறுக்கிப் பிடிப்பதையே வழக்கமாக்கிக்கொண்டது. ஆனால் விமானிகளின் ஓய்வு விதி மாறிய ஒரே மாதத்தில் அதுவும் தடுமாறி விமானங்களை ரத்து செய்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சொந்தச் சேமிப்பு தனியாக இருந்தால், இண்டிகோவின் ஆண்டறிக்கையில் கடனும் குத்தகைப் பொறுப்பும் எவ்வளவு என்று படித்துவிட்டு நீங்களே முடிவெடுங்கள். இந்த மூன்று லட்சத்தை மட்டும் தொடாதீர்கள். நாளையே வைப்பு நிதியில் போடுங்கள்.

மாமாவின் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பங்கு வர்த்தகம் நின்றுபோன பின்னும் ஐந்தாறு வாரங்கள் தேதியை மட்டும் எழுதி, விலைக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவைத்திருக்கிறார்.

தங்கைக்கு நாள் குறித்ததும் எழுதுங்கள்.