பெற்றோருக்குப் பேக்யார்டில் வீடு: ஷெட் என்று சொல்லிக் கட்டலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில் 6,000 சதுர அடி மனையில் எங்கள் சொந்த வீடு இருக்கிறது. கிரீன் கார்டு கிடைத்து அப்பாவும் அம்மாவும் எங்களோடு இருக்க வருகிறார்கள். பேக்யார்டில் அவர்களுக்கு ஓர் அறையும் பாத்ரூமும் கட்ட ஆசை. "120 சதுர அடிக்குள் ஷெட் போட்டால் பெர்மிட் வேண்டாம், தண்ணியும் கரண்டும் அப்புறம் இழுத்துக்கலாம்" என்கிறார் கான்ட்ராக்டர். 30 சதவீதம் அட்வான்ஸும் கேட்கிறார். எங்கள் ஹெச்.ஓ.ஏ. (குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம்) விதியிலோ ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்று எழுதியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: ஷெட் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். நேர் வழியே உங்களுக்குத் திறந்திருக்கிறது.

கான்ட்ராக்டர் சொல்வதில் பாதி உண்மை. வீட்டோடு ஒட்டாமல், ஒரே தளமாக, 120 சதுர அடிக்கு மிகாமல் இருக்கும் ஷெட்டுக்குக் கட்டட பெர்மிட் தேவையில்லை என்று மாநிலக் கட்டட விதி சொல்கிறது. ஆனால் அந்தச் சலுகை மண்வெட்டி, சைக்கிள், பழைய சாமான் வைக்கிற இடத்துக்கும் பிள்ளைகள் விளையாடும் சிறு கூடத்துக்கும்தான். ஆள் படுத்துத் தூங்கும் அறைக்கு அது பொருந்தாது. பரப்பளவு 100 சதுர அடியாக இருந்தாலும் இதே கதைதான். கரண்ட் இழுத்தால் அதற்கொரு பெர்மிட், குழாய் போட்டால் அதற்கொரு பெர்மிட்.

இதை வெறும் காகித விஷயமாக நினைக்காதீர்கள். பெர்மிட் எடுத்துக் கட்டும் படுக்கையறையில், தீப்பிடித்தால் ஆள் வெளியேறக்கூடிய அளவில் ஜன்னல் இருக்கிறதா, புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்கின்றனவா, நிலநடுக்கத்தில் நகராதபடி சுவர் அஸ்திவாரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். வயதான பெற்றோர் தூங்கப்போகும் அறையில் இவை எதையும் யாரும் பார்க்கவில்லை என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் கொடுத்தாலே சிட்டியிலிருந்து நோட்டீஸ் வரும். பிற்காலத்தில் வீட்டை விற்கும்போதும், பெர்மிட் இல்லாமல் கட்டியதை வாங்குபவரிடம் எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

சரி, நேர் வழிக்கு வருவோம். இங்கே எல்லோரும் ஏ.டி.யூ. என்று சொல்லும் இரண்டாவது சிறு வீடுதான் உங்களுக்கு வேண்டியது. ஒரு காலத்தில் பல ஊர்கள் இதற்குப் பெரிய மனை வேண்டும், கூடுதல் பார்க்கிங் வேண்டும் என்று ஏகப்பட்ட முட்டுக்கட்டை போட்டன. 2020 ஜனவரியில் அமலுக்கு வந்த மாநிலச் சட்டங்கள் அவற்றில் பெரும்பாலானவற்றை அகற்றிவிட்டன. இன்று தனி வீட்டு மனையில் 800 சதுர அடி வரை, 16 அடி உயரம் வரை, பக்கவாட்டிலும் பின்பக்கமும் 4 அடி விட்டு ஒரு ஏ.டி.யூ. கட்டுவதை, மனையில் இத்தனை சதவீதம்தான் கட்டலாம் என்ற உள்ளூர் விதியைக் காட்டிச் சிட்டி மறுக்க முடியாது. பொது விசாரணை கிடையாது, பக்கத்து வீட்டாரின் சம்மதமும் வேண்டாம். முழுமையான விண்ணப்பம் கொடுத்த 60 நாளுக்குள் சிட்டி முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பரப்பளவை 750 சதுர அடிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் பூங்கா, சாலை போன்றவற்றுக்காக வாங்கும் இம்பாக்ட் கட்டணத்தைச் சிட்டி கேட்க முடியாது. பிளான் பார்ப்பதற்கும் பெர்மிட்டுக்குமான கட்டணம் தனி. இருவருக்கு 20க்கு 30 அடி, அதாவது 600 சதுர அடி, வசதியாகவே இருக்கும். தனிக் கட்டடமாகப் புதிதாகக் கட்டினால் பொதுவாக சோலார் பேனலும் வைக்க வேண்டிவரும் என்பதை பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவு கட்டுப்படியாகாது என்றால் கராஜை மாற்றலாம். ஏற்கெனவே இருக்கும் கட்டடம் என்பதால் அங்கே 4 அடிக் கணக்கு வராது. கார் நிறுத்த மாற்று இடம் காட்டு என்றும் கேட்க முடியாது. என்னைக் கேட்டால், கையில் பணம் இறுக்கமாக இருப்பவர்களுக்கு இதுதான் நல்ல வழி.

ஹெச்.ஓ.ஏ. பற்றிக் கவலை வேண்டாம். தனி வீட்டு மனையில் ஏ.டி.யூ.வைத் தடுக்கும் ஹெச்.ஓ.ஏ. விதி செல்லாது என்று சிவில் சட்டத் தொகுப்பின் 4751ஆம் பிரிவு சொல்கிறது. பெயின்ட் நிறம், கூரை மாதிரி என்று நியாயமான நிபந்தனை வைக்கலாம், அவ்வளவுதான். அவர்களுக்கு எழுதும் கடிதத்தில் இந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, சொத்து வரி. முழு வீட்டையும் இன்றைய விலைக்கு மறுமதிப்பீடு செய்துவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. 1978இல் வந்த புரொப்போசிஷன் 13 என்ற சொத்து வரிச் சட்டத்தின்படி புதிதாகக் கட்டிய பகுதிக்கு மட்டும்தான் புது மதிப்பீடு. பழைய வீட்டின் கணக்கு அப்படியே தொடரும்.

அடுத்து அந்த அட்வான்ஸ். இந்த மாநிலத்தில் வீட்டு வேலை ஒப்பந்தங்களுக்கு கான்ட்ராக்டர் முன்பணமாக வாங்கக்கூடியது பொதுவாக 1,000 டாலர் அல்லது மொத்தத் தொகையில் 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுதான். அதற்குமேல், முடிந்த வேலைக்கும் வந்து இறங்கிய பொருளுக்கும் மட்டுமே பணம். 30 சதவீதம் கேட்பது சட்டமீறல். பெர்மிட் வேண்டாம் என்று சொன்னவரும் இவரே என்பதால் வேறு ஆளைப் பாருங்கள். புதியவரின் உரிம எண்ணை மாநில கான்ட்ராக்டர் உரிம வாரியத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், உரிமம் நடப்பில் இருக்கிறதா, அவர் மேல் நடவடிக்கை ஏதும் உண்டா என்பது தெரியும்.

ஆனால் கான்ட்ராக்டரைத் தேடுவதற்கு முன்னால், வீடு வாங்கியபோது கிடைத்த டைட்டில் ரிப்போர்ட்டை (சொத்துரிமை விவர அறிக்கை) எடுத்து, பின்வேலி ஓரமாக மின்சாரத்துக்கோ சாக்கடைக்கோ ஈஸ்மென்ட், அதாவது மற்றவர் பயன்படுத்த உரிமையுள்ள பட்டை, எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பட்டையில் கட்ட முடியாது, 4 அடி என்பது 10 அடியாகக்கூட ஆகலாம். அது தெளிவான பிறகு, சிட்டி முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்து வைத்திருக்கும் ஏ.டி.யூ. பிளான்களில் ஒன்று உங்கள் மனைக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தினால் 60 நாள்கூட வேண்டாம், 30 நாளில் முடிவு சொல்லியாக வேண்டும்.